படகுப் பாலமும் பதிப்பெண்ணும்: ஜாவா வலைத் திட்டங்களில் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் வடபால், களனி கங்கையின் தென்கரையை அடுத்து அமைந்துள்ள கிராண்ட்பாஸ், பெருங்கடவை என்னும் பொருள்படும் ஐரோப்பியப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊராகும். பாலம் தோன்றுமுன் ஆற்றைக் கடப்பதற்குரிய துறையாக அது விளங்கியது. 1822ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆற்றின் குறுக்கே படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு, அவற்றின்மேற் பலகை பரப்பிப் பாலம் அமைத்தனர். 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்படும் வரை கண்டி வீதியின் வண்டிகளும் மாந்தரும் இப்படகுகளின் முதுகின் மீதே ஆற்றைக் கடந்தனர். ஒரு பாலம் ஒரே கல்லாய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. தனித்தனியே செய்யப்பட்டு, தனித்தனியே மாற்றத்தக்க உறுப்புகளாலும் அஃது ஆகலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயின் அத்தகைய பாலத்தைக் காப்பவன் எந்தப் படகு எங்கே நிற்கின்றது, எது எப்பொழுது இடப்பட்டது என்பவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அறியாவிடின் உளுத்த படகு எதுவென்பது அது மூழ்கும்போதே தெரியவரும்.

இன்றைய கணினி மென்பொருளும் அத்தகைய படகுப் பாலமே. எந்த நிரலாளரும் முழுவதையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதியவற்றை இணைத்தே தம் பணியை முடிக்கின்றனர். பலரும் எடுத்தாளத்தக்கவாறு ஒருவர் எழுதிவைத்த நிரற்றொகுதி நூலகம் எனப்படும். ஒரு திட்டம் இயங்குதற்கு இன்றியமையாத பிறரது நூலகம் அத்திட்டத்தின் சார்பு எனப்படும். இச்சார்புகளைப் பதிவுசெய்து பேணும் முறை எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியிற் கொழும்புக்கு உரிய இடம் யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது நிரலாளரின் தொழில்நுட்பம். கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். மனிதர் பிறர் ஆக்கத்தைத் தம் ஆக்கத்துடன் எவ்வாறு இணைத்தனர், அவ்விணைப்புக்கு எவ்வாறு கணக்கு வைத்தனர் என்பது முதன்மையாக ஒரு வரலாற்று வினாவே என்பது அதற்கு விடையாகும்.

ஒரு பெயர், இரு மொழிகள்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங் முதலியோர் ஆக்கிய ஜாவா மொழி 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிடப்பட்டது. அதே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த பிரெண்டன் ஐக் ஏறத்தாழப் பத்து நாள்களில், இணைய உலாவியின் உள்ளே இயங்குதற்கென வேறொரு சிறு மொழியை உருவாக்கினார். முதலில் மோக்கா எனவும் பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் எனவும் அழைக்கப்பட்ட அம்மொழி, அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் பெயரைப் பெற்றது. ஜாவாவின் புகழில் பங்கு கொள்ளுதலே அப்பெயரின் நோக்கமன்றி, இரு மொழிகளுக்கும் பிறப்புறவு யாதுமில்லை. கொழும்பு வாசகர்க்கு இது புதுமையான செய்தியன்று. கொம்பனித்தெருவில் ஜாவா ஒழுங்கை உண்டு. இலங்கை மலாயரை ஜாவா மனிதர் என்று குறித்தல் பழைய வழக்கு. எனினும் அவர்தம் முன்னோருட் பலர் ஜாவாத் தீவினின்று வந்தவரல்லர். பெயர் ஒன்றாயிருத்தல் பிறப்பு ஒன்றெனக் காட்டாது.

இப்பெயர் மயக்கத்தினும் முக்கியமானது, இரு மொழிகளும் ஒரே திட்டத்தினுள் குடியிருக்க நேர்ந்தமையாகும். ஒரு வலைத் திட்டத்தில் ஜாவா சேவையகத்தில் இருந்து கணக்குகளைப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட் பயனரின் உலாவியில் இருந்து திரையை இயக்கும். முன்னையது வீட்டின் பின்கட்டு, பின்னையது முன்வாசல் எனலாம். பின்கட்டில் விரைவிலேயே ஒழுங்கு நிலவியது. 1997இல் வெளிவந்த ஜாவாவின் 1.1ஆம் பதிப்பு, ஒரு நூலகத்தின் கோப்புகள் யாவற்றையும் சுருக்கி ஒரே பொதியாகக் கட்டும் ஜார் என்னும் அமைப்பைத் தந்தது. முன்வாசலுக்கோ அத்தகைய பொதி எதுவும் இருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே கிடந்தன.

படியெடுத்த காலம்

தொடக்கத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. படிவங்களைச் சரிபார்த்தல், பட்டியல்களை விரித்து மூடுதல் ஆகிய சில்லறை வேலைகளுக்கே ஜாவாஸ்கிரிப்ட் பயன்பட்டது. 2004இல் தோன்றிய ஜிமெயில், முழுப் பக்கத்தையும் மீண்டும் வரவழையாமலே உலாவியினுள் பெரும்பணி ஆற்றலாம் என்று காட்டிற்று. 2005 பெப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் கரெட் இம்முறைக்கு ஏஜாக்ஸ் எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் புரோட்டோடைப் என்னும் நூலகமும், 2006 ஜனவரியில் ஜோன் ரெசிக் அறிமுகப்படுத்திய ஜேக்குவெரி நூலகமும் வெளிவந்தன. சில ஆண்டுகளுள் ஜேக்குவெரி இல்லாத இணையத்தளத்தைக் காண்பதே அரிதாயிற்று.

இந்நூலகங்கள் ஜாவாத் திட்டங்களை அடைந்த வழி, கையாற் படியெடுத்தலே. நிரலாளர் நூலகத்தின் தளத்துக்குச் சென்று கோப்பைப் பதிவிறக்கி, தம் திட்டத்தின் கோப்புறையில் இட்டுவிடுவார். கோப்பின் பெயரிற் பதிப்பெண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இடையில் ஒருவர் அதனுள்ளே இரண்டு வரிகளைத் திருத்தியிருக்கலாம். அத்திருத்தத்துக்குக் குறிப்பும் இராது. ஈராண்டு கழித்து அத்திட்டத்தைப் பொறுப்பேற்கும் இன்னொருவர், இக்கோப்பு எங்கிருந்து வந்தது, எப்பொழுது வந்தது, யாருடையது என்று அறியமாட்டார்.

தமிழ் கற்கும் மாணவருக்கு இந்நிலை பழக்கமானதே. ஏட்டுச் சுவடிகள் இவ்வாறே கைமாறி வந்தன. படியெடுத்தோர் சிலர் பிழைபடுத்தினர். சிலர் திருத்துவதாக எண்ணி மாற்றினர். எது மூலம், எது பாடபேதம் என்பது மயங்கிற்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர்கள் எதிர்கொண்ட இடர் இதுவே. எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என ஐயரவர்கள் முகவுரையில் வரிசைப்படுத்தியமை வெறும் நன்றியறிதலன்று. அது மூலத்துக்கு வைத்த கணக்கு. பதிப்பு என்னும் சொல்லையே இன்றைய தமிழ்க் கணினியியலும் வழங்குவது பொருத்தமுடைத்து.

படியெடுத்தலின் இடர் கண்டோர் சிலர் வேறொரு வழியை நாடினர். 2008இல் கூகிள் நிறுவனம் பெயர்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களைத் தன் சேவையகங்களில் வைத்து, எவரும் நேரே அங்கிருந்து வரவழைத்துக்கொள்ள வசதி செய்தது. கோப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் வேண்டும்போதெல்லாம் அயலகத்திலிருந்து பெறுதல் போன்றது இது. இதனால் விரைவு கிடைத்தது. முகவரியிற் பதிப்பெண்ணும் இடம்பெற்றது. ஆயினும் அயலார் கதவடைத்தால் அடுப்பெரியாது என்னும் அச்சம் நீங்கவில்லை.

மேவனும் சார்புப் பட்டியலும்

ஜாவா உலகம் இதற்கிடையில் வேறொரு தீர்வை அடைந்திருந்தது. அப்பாச்சி அமைப்பின் டர்பைன் என்னும் திட்டத்தினுள், ஜேசன் வான் சில் முதலியோரின் முயற்சியால், மேவன் என்னும் கருவி தோன்றியது. இத்திஷ் மொழியில் அறிவைத் திரட்டுபவர் என்னும் பொருளுடையது அப்பெயர். அதன் முதற் பதிப்பு 2004 ஜூலையிலும், இரண்டாம் பதிப்பு 2005 ஒக்டோபரிலும் வெளிவந்தன.

மேவனின் மையக் கருத்து எளியது. ஒரு திட்டம் தனக்கு வேண்டிய நூலகங்களை உடன் வைத்திராது. அவற்றின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். ஒவ்வொரு நூலகமும் மூன்று குறிகளாற் சுட்டப்படும்: அதை ஆக்கிய குழுவின் பெயர், நூலகத்தின் பெயர், பதிப்பெண். இம்மூன்றையும் கொண்டு மேவன் பொதுக் களஞ்சியத்திலிருந்து உரிய பொதியைத் தானே கொண்டுவரும். அந்நூலகம் வேறு நூலகங்களைச் சார்ந்திருப்பின், இரண்டாம் பதிப்பு முதல் அவற்றையும் தேடிக் கொணரும். ஒரே நூலகம் இரு வேறு பதிப்புகளில் வேண்டப்படின், திட்டத்துக்கு மிக அண்மையிற் குறிக்கப்பட்டதைத் தெரிவுசெய்யும். களஞ்சியத்தில் ஒருமுறை வெளியிட்ட பொதியை மாற்றவோ அகற்றவோ கூடாது என்பது அதன் நடத்தை விதி. இவ்விதி சிறியதாகத் தோன்றினும், இக்கட்டுரையின் பிற்பகுதியில் அதன் பெறுமதி புலனாகும்.

கொழும்பு, 2004

இவ்வாறு மேலைநாடுகளில் முறைகள் வகுக்கப்பட, இலங்கையர் அவற்றை வாங்கிப் பயன்படுத்தியோர் மட்டுமே என்று எண்ணுவது தவறாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவிற் பணியாற்றித் தாயகம் மீண்ட சஞ்சீவ வீரவரண முதலியோரின் முயற்சியால், 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் கொழும்பில் நிறுவப்பட்டது. இலங்கை நிரலாளர் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவதோடு அமையாது, அதனை ஆக்குவோராகவும் ஆதல் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் உலகறிந்த சகானா என்னும் பேரிடர் முகாமை மென்பொருளும் இச்சூழலிலேயே வளர்ந்தது.

2004 ஆகஸ்டில் கொழும்பில் நடைபெற்ற கூட்டமொன்றில், அப்பாச்சி அக்ஸிஸ்2 என்னும் ஜாவா வலைச்சேவை இயந்திரத்தின் கட்டமைப்பு முன்வைக்கப்பட்டது. அதன் முதற் பதிப்பு 2006இல் வெளியாயிற்று. அதனை எழுதியோருட் கணிசமானோர் இலங்கையர். அக்ஸிஸ்2 கையாண்ட ஓர் உத்தி நம் பொருளுக்கு நேரே உரியது. ஒரு சேவையை நிறுவ வேண்டுமாயின், அதன் நிரல், அதற்குரிய விவரணக் கோப்பு, அது சாரும் நூலகங்கள் ஆகிய யாவும் ஒரே பொதியிற் கட்டப்படும். இயந்திரம் அப்பொதியைத் திறந்து, உள்ளிருக்கும் விவரணத்தைப் படித்துச் சேவையை இயக்கும். தன்னை யாரென்று தானே சொல்லும் பொதி என இதனைக் குறிக்கலாம்.

2005இல் சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமாண்டில், தவனம் ஸ்ரீனிவாஸ் ஆகியோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் இக்கருத்தை மேலும் விரித்தது. 2009இல் வெளிவந்த அதன் கார்பன் என்னும் மேடை முழுதும் பொதிகளால் ஆயது. ஒவ்வொரு பொதியும் தான் வழங்குவது யாது, தனக்கு வேண்டுவது யாது என்பவற்றைத் தன் முகப்பேட்டிற் பதிப்பெண்ணுடன் குறித்திருந்தது. ஈண்டு உற்று நோக்கற்பாலது யாதெனில், கார்பனின் திரைப்பகுதிக்குரிய கோப்புகளும் ஜாவாப் பொதிகளினுள்ளேயே வைக்கப்பட்டமையாகும். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளும், யாஹூ நிறுவனத்தின் திரை நூலகம் போன்ற பிறர் ஆக்கங்களும் பொதியினுள் வலைக் கோப்புறையாக அமர்ந்து பயணம் செய்தன. முன்வாசலின் பொருள்களும் பின்கட்டின் பெட்டியிலேயே அடுக்கப்பட்டன எனலாம். ஒரு குறை மட்டும் எஞ்சியது: பொதிக்குப் பதிப்பெண் இருந்ததாயினும், உள்ளே அமர்ந்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கெனத் தனி முகவரியோ பதிப்பெண்ணோ பட்டியலில் இல்லை. படகு பாலத்திற் சேர்ந்துவிட்டது. அதன் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

வெப்ஜார்

அக்குறையை நிரப்பியது 2012இல் ஜேம்ஸ் வோர்ட் தொடங்கிய வெப்ஜார் என்னும் திட்டம். அதற்கு வழிவகுத்தது 2009 டிசம்பரில் வெளியான சேவ்லெட் 3.0 நியமமாகும். ஒரு ஜார் பொதியினுள் குறித்ததோர் உறைக்குள் வைக்கப்படும் கோப்புகளைச் சேவையகம் நேரே உலாவிக்கு வழங்கலாம் என அந்நியமம் விதித்தது. வெப்ஜார் இவ்வசதியைப் பயன்படுத்தி, ஜேக்குவெரி முதலிய ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தையும் தனியொரு ஜார் பொதியாகக் கட்டி, மேவனின் பொதுக் களஞ்சியத்தில் வைத்தது. பொதியினுள் நூலகத்தின் பெயரும் பதிப்பெண்ணும் கோப்புறைகளின் பெயர்களாகவே அமைந்தன.

இதன் விளைவாக, ஜாவாத் திட்டத்தின் சார்புப் பட்டியலில் ஜாவா நூலகங்களுக்கு அருகே ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களும் இடம்பெற்றன. பூட்ஸ்ட்ராப் என்னும் திரை நூலகத்தின் நான்காம் பதிப்பு வரை அது ஜேக்குவெரியைச் சார்ந்திருந்தது. எனவே பட்டியலிற் பூட்ஸ்ட்ராப்பை எழுதினாற் போதும், ஜேக்குவெரி தானே வந்து சேரும். பதிப்பை மாற்ற வேண்டின் ஓர் எண்ணை மாற்றினாற் போதும்.

இதே காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் உலகம் தனக்கெனக் களஞ்சியங்களை அமைத்துக்கொண்டது. 2010இல் என்.பி.எம். தோன்றியது; 2012இல் ட்விட்டர் நிறுவனத்தினர் பவர் என்னும் கருவியை வெளியிட்டனர். 2013இல் வந்த ரியாக்ட் போன்ற நூலகங்கள், உலாவிக்குச் செல்லுமுன் கோப்புகளைத் தொகுத்து உருமாற்றும் கட்டத்தை இன்றியமையாததாக்கின. அத்தகைய பெருந்திட்டங்களில், மேவனின் கட்டளைக்குள்ளே என்.பி.எம்.மை இயக்கி இரு கணக்கேடுகளையும் தனித்தனியே பேணுதல் வழக்காயிற்று. வெப்ஜாரின் வரம்பும் இங்குப் புலனாகின்றது: மூல நூலகம் வெளியான பின் அதனை மறுபடி பொதிகட்ட வேண்டுமாதலால், காலத்தாழ்வு நேரலாம். சேவையகமே பக்கங்களை ஆக்கித் தரும் சிறிய, நடுத்தரத் திட்டங்களுக்கு வெப்ஜாரும், உலாவியிலேயே பெரும்பணி ஆற்றும் திட்டங்களுக்கு என்.பி.எம்.மும் பொருந்தும் எனக் கொள்ளலாம். எதைத் தெரிந்தாலும் கணக்கேடு ஒன்று இருத்தலே முதன்மையானது.

கணக்கேட்டின் பெறுமதி

அதன் பெறுமதியை மூன்று நிகழ்ச்சிகள் தெளிவாக்கின. முதலாவது, 2016 மார்ச் 22ஆம் திகதி நிகழ்ந்தது. பெயருரிமை பற்றிய பிணக்கொன்றால் மனம் வெறுத்த நிரலாளர் ஒருவர், என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து தம் ஆக்கங்கள் அனைத்தையும் அகற்றினார். அவற்றுள் ஒன்று லெப்ட்பாட் என்னும் பதினொரு வரி நூலகம். ஒரு சொல்லின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் தொழில். ஆயினும் அதனைச் சார்ந்தவற்றைச் சார்ந்தவையாக உலகெங்கும் எண்ணற்ற திட்டங்கள் இருந்தமையால், அவை கட்டப்படும் பணி திடீரெனத் தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அந்நூலகம் மீட்கப்பட்டது. அகற்றல் விதிகளும் பின்னர் இறுக்கப்பட்டன. வெளியிட்டதை அகற்றலாகாது என்னும் மேவன் களஞ்சியத்தின் விதி ஏன் தேவையானது என்பது அன்று விளங்கிற்று.

இரண்டாவது, 2021 டிசம்பரில் ஜாவாவின் பக்கமே நேர்ந்தது. நிகழ்வுகளைக் குறித்து வைக்கப் பெரிதும் பயன்படும் லொக்4ஜே நூலகத்தில், அயலார் சேவையகத்தையே கைப்பற்றத்தக்க பெருங்குறை கண்டறியப்பட்டது. அன்று உலகெங்கும் நிர்வாகிகள் முதலில் எழுப்பிய வினா, அதை எவ்வாறு திருத்துவது என்பதன்று. அது நம்மிடம் உள்ளதா என்பதே. சார்புப் பட்டியல் வைத்திருந்தோர் விரைவில் விடை கண்டனர். படியெடுத்து இட்டோர் கோப்புறை கோப்புறையாகத் தேட நேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டிலும் இதே பாடம் உண்டு: 2020 ஏப்ரலில் வெளிவந்த ஜேக்குவெரி 3.5.0 பதிப்பு, முந்தியவற்றில் இருந்த பாதுகாப்புக் குறையொன்றைத் தீர்த்தது. தம்மிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று அறியாதவர்க்கு அச்செய்தியாற் பயனில்லை.

மூன்றாவது, 2024 ஜூனில் வெளிப்பட்டது. பழைய உலாவிகளுக்கு உதவும் பொலிஃபில் என்னும் நூலகத்தை வழங்கி வந்த இணைய முகவரி வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. புதிய உடைமையாளரின் கீழ், அங்கிருந்து தீய நிரல் கலந்து அனுப்பப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதனை வரவழைத்துக்கொண்டிருந்தன. அயலகத்திலிருந்து நாள்தோறும் நீர் பெறுபவர், கிணறு கைமாறியதை அறியாதிருத்தலின் விளைவு இது.

முடிவுரை

இவ்வரலாற்றை மூன்று படிகளாக வகுக்கலாம்: படியெடுத்து வைத்த காலம், தொலைவிலிருந்து வரவழைத்த காலம், பதிவுசெய்து பெறும் காலம். ஒன்றினின்று மற்றொன்றுக்கு நிகழ்ந்த மாற்றம் புதுமை விருப்பால் மட்டும் நேர்ந்ததன்று. ஒவ்வொரு படியிலும் நேர்ந்த இடரே அடுத்ததற்குக் காரணமாயிற்று. மூன்று படிகளும் இன்றும் அருகருகே வாழ்கின்றன என்பதும் மறத்தற்பாலதன்று.

சிறிய நாட்டினராகிய நாம் பிறரைச் சார்ந்திருத்தலை இழிவாகக் கருதி, ஒன்றில் அதனை மறைக்கின்றோம் அல்லது யாவும் நாமே செய்வோம் என வீறு பேசுகின்றோம். மேற்கண்ட வரலாறு இரண்டையும் மறுக்கின்றது. அமெரிக்கப் பெருநிறுவனமும் பதினொரு வரியைச் சார்ந்து நிற்கின்றது. கொழும்பில் கட்டமைப்பு வகுக்கப்பட்ட அக்ஸிஸ்2வை உலகின் பிற நாட்டார் தம் சார்புப் பட்டியலில் எழுதினர். சார்ந்தோர் சாரப்படுவோராதல் இயலும். அதற்கு முதற்படி, தாம் சார்ந்திருப்பது யாரை என்று நேர்மையாக எழுதி வைத்தலே.

இது தமிழுக்கும் உரிய செய்தி. தமிழை ஒலிபெயர்ப்பு முறையில் உள்ளிடவும், பழைய எழுத்துருக் குறிமுறையிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றவும் உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் பல, ஆக்கியோர் பெயரும் பதிப்பெண்ணும் இன்றிப் பக்கத்துக்குப் பக்கம் படியெடுக்கப்பட்டு வழங்கி வந்துள்ளன. ஒன்றிற் காணப்பட்ட பிழை திருத்தப்படினும் ஏனைய படிகளில் அது நிலைத்துவிடும். அவற்றை எழுதியவர்களோ பெயரற்றுப் போயினர். சுவடிகளைத் தேடித் தொகுத்து, மூலமும் பாடமும் வேறுபடுத்தி, உதவியோர் பெயரை முகவுரையிற் பொறித்த மரபு நம்முடையது. அம்மரபின் வழிவந்த மாணவர், கலைப்பீடத்தினரும் விஞ்ஞானபீடத்தினரும் ஒருங்கிணைந்து, இத்தகைய தமிழ் நிரல்களைத் தேடி, ஆக்கியோரை அறிந்து, பதிப்பெண்ணிட்டுப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுதல் செய்யத்தக்கதொரு பணியாகும். அது நிறைவேறின், நாளை எங்கோ ஒரு நிரலாளர் தம் சார்புப் பட்டியலில் ஒரு தமிழ் நூலகத்தின் பெயரை எழுதுவார். அதனை ஆக்கியவரின் பெயரும் அவ்வழியே நிலைபெறும்.